ஹனோயில் கேமராவோடு: தெரு, சாப்பாடு, கைத்தொழில் எல்லாம் படமெடுக்க ஒரு வழிகாட்டி

வியட்நாம் போய்வந்தவர்கள் போனை நீட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் வரும். ஹா லாங் விரிகுடாவில் படகு, பா நா மலையில் பாலத்தைத் தாங்கும் ராட்சதக் கைகள், ஹோய் ஆன் ஆற்றங்கரையில் வண்ண விளக்குகள். அதில் தப்பொன்றும் இல்லை, நானும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் விடிந்ததும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கையால் என்ன செய்து பிழைக்கிறார்கள், அந்தக் கை எப்படி நகர்கிறது என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் கொஞ்சம் வேறு மாதிரித் தயாராகிப் போக வேண்டும். ஹனோயையும் அதைச் சுற்றியிருக்கும் தொழில் கிராமங்களையும் வைத்து அதைச் சொல்கிறேன். கையில் போன் மட்டும் இருந்தாலும் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேமராவைவிட அந்த ஊரின் நேரம்தான் முக்கியம். ஹனோயில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொழுது உண்டு. ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் காலைக்கு, பூன் சா என்ற வாட்டிய பன்றி இறைச்சியும் நூடுல்ஸும் மதியத்துக்கு, பூச்சந்தை நடுராத்திரிக்கு. ஓட்டலில் நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறவருக்குக் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்தான் படத்தில் கிடைக்கும், அதற்கு எத்தனை லட்சத்துக்குக் கேமரா வைத்திருந்தாலும் சரி.

கிளம்புவதற்கு முன்

விசா பெரிய தலைவலி இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசா 90 நாள் வரைக்கும் தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். அரசாங்க இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள்.

இந்தியாவிலிருந்து விலை உயர்ந்த கேமராவோ லென்ஸோ கொண்டுபோகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரியிடம் காட்டி, சீரியல் எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். கூடுதல் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

எந்த மாதம் போவது? அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் கடுமையில்லை. பிப்ரவரி, மார்ச்சில் நாள் முழுக்க மெல்லிய தூறல், சுவரே வியர்க்கிற அளவுக்கு ஈரம். சுற்றுலாப் புத்தகங்கள் அந்த மாதங்களைத் தவிர்க்கச் சொல்லும். என்னைக் கேட்டால் முகங்களைப் படமெடுக்க அந்தச் சாம்பல் வெளிச்சத்துக்கு ஈடில்லை, நிழல் கறுத்து விழாது, தெரு பளபளக்கும். லென்ஸைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி ஒன்றும், பைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவும் இருந்தால் போதும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடும், துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். பைக்குள்ளேயே வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், தானாகச் சரியாகிவிடும்.

தேதி குறிக்கும்போது டெட் எப்போது என்று பார்த்துவிடுங்கள். ஜனவரிப் பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் அவர்களுடைய புத்தாண்டு. அதற்கு முந்தைய சில வாரங்கள் தொழில் கிராமங்கள் எல்லாம் ராத்திரி பகலாக ஓடும், படமெடுக்கப் பொன்னான நேரம். டெட் தொடங்கிவிட்டால் ஒரு வாரம்போல எல்லாம் மூடிக்கிடக்கும்.

முதல் நாள்

இறங்கிய அன்று படமெடுக்கும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கிவைத்துவிட்டு, லி துவோங் கியெட் தெருவில் இருக்கும் வியட்நாம் பெண்கள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தோளில் காவடித்தடி தூக்கித் தெருவில் விற்கும் பெண்களைப் பற்றி அங்கே ஒரு பகுதியே இருக்கிறது. கிராமத்திலிருந்து எதற்காக வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்டு வெளியே வந்தால், அதே தெருவில் காவடித்தடியோடு எதிரே வருகிறவரை நீங்கள் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். நேரம் இருந்தால் இனவரைவியல் அருங்காட்சியகமும் பாருங்கள், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஹோவான் கியெம் ஏரிக்கரை. ஒலிபெருக்கி வைத்து நடனப் பயிற்சி செய்யும் பெண்கள், விசிறியோடு தாய் சி செய்யும் பெரியவர்கள், நடைபாதையில் பாட்மிண்டன் ஆடுகிறவர்கள் என்று ஏரியைச் சுற்றி ஆள் நிறைந்திருக்கும். அங்கிருந்து வடக்கே நடந்தால் பழைய நகரம், முப்பத்தாறு தெருக்கள் என்று பேர் பெற்ற இடம். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு தொழில். இன்று பாதித் தெருக்களில் டி-சர்ட்டும் ஷூவும்தான் விற்கிறார்கள், இருந்தாலும் சில தெருக்கள் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. ஹாங் தியெக்கில் இன்னும் தகரம் தட்டுகிறார்கள், நடைபாதையிலேயே. லான் ஓங் தெருவில் மூலிகை மருந்து மூட்டைகள், தெருமுனையிலேயே வாசனை வந்துவிடும். ஹாங் மாவில் முன்னோருக்கு எரிக்கும் காகிதப் பொருட்கள்: காகிதப் பணம், காகிதச் சட்டை, காகித மோட்டார் சைக்கிள்கூட. அவர்களுடைய நிலவு மாதத்தில் 1, 15ஆம் நாட்களில், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடை வாசலில் சின்னத் தகரத் தொட்டி வைத்து இந்தக் காகிதங்களை எரிப்பார்கள். அந்தி வெளிச்சத்தில் அந்தத் தீயும் புகையும் நல்ல படம். ஆனால் அது அவர்களுக்குப் பூசை, கும்பிட்டு முடிக்கும்வரை தள்ளியே நில்லுங்கள்.

இந்தத் தெருக்கள் குறுகல், வீடுகள் நீளமாக உள்ளே போகும், அதனால் வாசல் பளீரென்றும் உள்ளே கும்மிருட்டாகவும் இருக்கும். போனைத் தானாக எடுக்க விட்டால் இரண்டுமே கெடும். வேலை செய்கிறவர் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், வாசல் வெளிச்சம் முகத்தில் ஒரு பக்கம் விழட்டும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பின்னணி இருட்டானால் இருட்டாகட்டும்.

கேட்டு எடுப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய பயம். மொழி தெரியாத ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே கேமராவை எப்படி நீட்டுவது? நீட்டக்கூடாது, அவ்வளவுதான். கேமராவைக் கழுத்தில் தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்று வேலையைப் பாருங்கள். உண்மையாகவே பார்க்கிறீர்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலும் அவர்களே நிமிர்ந்து சிரிப்பார்கள். அப்போது கேமராவைச் சற்றே தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினால் கேள்வி புரிந்துவிடும். வாயால் கேட்க 'சுப் ஆஞ் டுவக் கோங்?' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, படம் எடுக்கலாமா என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் அதன் ராகம் வராது, தங்குமிடத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லி போனில் பதிந்து வைத்துப் பழகுங்கள். அங்கேயும் நம்மைப் போல முன்பின் தெரியாதவரை முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். வயதானவருக்கு 'பா' என்றால் பாட்டி, நடுவயதுப் பெண்ணுக்கு 'கோ' என்றால் அத்தை மாதிரி, நம்மைவிடக் கொஞ்சம் பெரியவருக்கு 'சி' என்றால் அக்கா. அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டுக் கேட்டால் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

கையசைத்து வேண்டாம் என்றால் உடனே கேமராவை இறக்கிவிட்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு நகருங்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டுத் திருட்டுத்தனமாக எடுப்பது எனக்குப் பிடிக்காது, எடுத்தாலும் அந்தப் படங்களில் உயிர் இருப்பதில்லை. சட்டமும் இருக்கிறது: 2015ஆம் ஆண்டு வியட்நாம் குடிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ஒருவருடைய படத்தைப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும் என்கிறது, வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை பணமும் தர வேண்டும். வீட்டு ஆல்பத்துக்கு எடுப்பவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப்போவதில்லை. ஆனால் விற்கும் எண்ணம் இருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். விற்கிறவரிடம் எதையாவது வாங்குங்கள், அதுதான் சரியான வழி, வாங்குவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் சுமார் 300 டாங், அதனால் ஐம்பதாயிரம் என்று கேட்டதும் பதற வேண்டாம். சுற்றுலாத் தெருக்களில் சிலர் தாங்களாகவே காவடித்தடியை உங்கள் தோளில் வைத்து, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு வாழைப்பழத்துக்குக் கண்டபடி விலை சொல்வார்கள். தோளில் ஏறுவதற்கு முன்பே சிரித்து மறுத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு மட்டும் காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சாப்பாடு

ஒரே ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் படமெடுத்துப் பழகுங்கள் என்பதுதான் என் யோசனை. அதற்கு பாஞ் குவோன் என்ற மெல்லிய அரிசிமாவுச் சுருள் விற்கும் கடையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. காலை ஆறரைக்குப் போய், முதலில் ஒரு தட்டு சொல்லிவிட்டு, அடுப்புக்கு எதிரே இருக்கும் குட்டை பிளாஸ்டிக் முக்காலியில் உட்காருங்கள். கொதிக்கும் பானையின் வாயில் இட்லித் துணி போல ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த அம்மா ஒரு கரண்டி அரிசி மாவை ஊற்றி, கரண்டியின் அடியாலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடிபோல மெலிதாகப் பரப்புவார், மூடி போடுவார், கொஞ்ச நேரத்தில் மூடியைத் திறந்ததும் ஆவி குப்பென்று எழும்பும், அதற்குள் கையை விட்டு ஒரு நீள மூங்கில் குச்சியை மாவுத்தாளின் அடியில் செருகி, கிழியாமல் அப்படியே தூக்கி, பக்கத்தில் எண்ணெய் தடவிய தட்டில் விரித்துவிடுவார். உள்ளே பன்றிக்கறியும் மரக்காளானும் வைத்துச் சுருட்டி, வெட்டி, மேலே வறுத்த சின்ன வெங்காயம் தூவினால் ஒரு தட்டு முடிந்தது. இதே சுற்று விடாமல் நடந்துகொண்டே இருக்கும்.

இதில் எத்தனை படம் இருக்கிறது பாருங்கள். கரண்டி சுற்றுவது, மூடி திறக்கும் நொடி, குச்சியில் தொங்கும் மாவுத்தாள் வழியாகத் தெரியும் வெளிச்சம், சுருட்டும் விரல்கள், வெங்காயம், சாப்பிடுகிறவர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதால் துரத்த வேண்டாம், கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும். ஆவி படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் ஆவி காணாமல் போய்விடும், எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்து பாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கையின் வேகத்தை நிறுத்த ஷட்டர் வேகம் 1/250 நொடி வேண்டும். குழல் விளக்கோ எல்இடியோ உள்ள கடையில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் 1/100 அல்லது 1/50 வையுங்கள், அங்கேயும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான்.

ஃபோ கடைக்கும் இதே பாடம்: கிண்ணத்தை மட்டும் மேலிருந்து எடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். எலும்பு கொதிக்கும் அண்டா, இறைச்சி வெட்டும் பலகை, எலுமிச்சை பிழியும் விரல், ஆபீஸ் உடையில் குனிந்து சாப்பிடுகிறவர். கிண்ணப் படத்தை வந்த ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பியுங்கள், நூடுல்ஸ் ஊறிப்போனால் படமும் போச்சு, ருசியும் போச்சு. மதியம் பதினொன்றரைக்கு நடைபாதைக் கரியடுப்பில் பூன் சா இறைச்சியை வாட்டத் தொடங்குவார்கள், புகை வழியாக விழும் வெயிலுக்காகவே போகலாம். 2016ல் ஒபாமா உட்கார்ந்து பூன் சா சாப்பிட்ட மேஜையை ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதை எடுக்கிறவர்கள் எடுக்கட்டும், அந்தப் புகை எந்தச் சந்திலும் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சாய்' என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். நிலவு மாதம் 1, 15ல் பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் அன்று அந்தக் கடைகளில் நல்ல கூட்டம் இருக்கும், படத்துக்கும் அதுவே நல்ல நாள். முட்டைக்குத் தடையில்லை என்றால் மாலையில் முட்டைக் காபி. 1946ல் பால் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் சாங் என்பவர் பாலுக்குப் பதில் மஞ்சள் கருவை அடித்து ஊற்றிக் கண்டுபிடித்தது. ஆறாமல் இருக்கக் கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துத் தருவார்கள், அந்தக் கிண்ணத்தையும் சேர்த்து எடுங்கள்.

தொழில் கிராமங்கள்

ஹனோய்க்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் குவாங் ஃபூ காவ், ஊதுபத்திக் கிராமம். முற்றம் முழுக்கச் சிவப்புக் குச்சிக் கட்டுகள் பூப்போல விரிந்திருக்க, நடுவில் கூம்புத் தொப்பி அணிந்த பெண் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் படத்துக்காகவே அடுக்கியது. சில வீட்டார் முற்றத்தில் கட்டுகளை அழகாக அடுக்கி, வியட்நாம் வரைபடம்கூடச் செய்து, மேலிருந்து எடுக்க மேடையும் போட்டு, கட்டணம் வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் உழைப்புக்கு வாங்குகிறார்கள். கொடுத்துவிட்டு எடுங்கள், ஆனால் படத்தின் கீழே எழுதும்போது 'வேலைக்கு நடுவே' என்று எழுதாதீர்கள்.

அப்புறம் அங்கேயே கிளம்பிவிடாமல் சந்துகளுக்குள் நடங்கள். மூங்கிலைத் துண்டு போடும் சத்தம் கேட்கும் பக்கம் போனால் உண்மையான வேலை அங்கேதான்: மூங்கிலைப் பிளப்பது, இயந்திரத்தில் கொடுத்து மெல்லிய குச்சிகளாக இழுப்பது, கட்டின் ஒரு முனையைச் சாயத்தில் முக்குவது, வெயிலில் விரித்துக் காயவைப்பது. சாயத்தில் முக்கி எடுத்த கையின் நிறம் மணிக்கட்டு வரை அப்படியே ஒட்டிக்கிடக்கும், அந்தக் கை ஒன்றே ஒரு படம். நமக்கும் இந்தக் குச்சிகளோடு சம்பந்தம் உண்டு. இந்திய ஊதுபத்தித் தொழில் நெடுங்காலம் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் குச்சி வாங்கித்தான் ஓடியது. 2019ல் இந்தியா ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டு, 2020ல் மூங்கில் குச்சி மீதான வரியை 10லிருந்து 25 சதவீதமாக்கியது. நீங்கள் இந்தியர் என்று தெரிந்தால் இந்தப் பேச்சு வரலாம், தெரிந்துகொண்டு போவது நல்லது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. இவ்வளவு சிவப்பை ஒரே சட்டகத்தில் பார்த்ததும் கேமரா குழம்பிவிடும். சிவப்பு பொங்கி, குச்சி குச்சியாகத் தெரியாமல் ஒரே சாயப் பூச்சாகிவிடும், முகத்திலும் சிவப்பு அடிக்கும். வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (எக்ஸ்போஷர் அளவில் -0.7) குறைத்து எடுங்கள், முடிந்தால் ரா (RAW) வடிவத்தில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள், நிறச் சமநிலையான வொய்ட் பேலன்ஸைத் தானாக விடாமல் வெயிலுக்கு என்று நிறுத்திவையுங்கள். மதிய வெயிலைத் தவிர்க்கச் சொல்லும் பொது அறிவுரை இந்த ஊருக்குப் பொருந்தாது, காயவைக்கும் வேலை வெயில் ஏறினால்தான் சூடுபிடிக்கும். மழை என்றால் முற்றம் காலியாக இருக்கும், அன்று போகாதீர்கள்.

கூம்புத் தொப்பி செய்யும் சுவோங் கிராமத்துக்கு நிலவு மாதம் 4, 10, 14, 20, 24, 30 தேதிகளில் போங்கள், அன்றுதான் தொப்பிச் சந்தை, அதுவும் விடிகாலையில். மற்ற நாளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைப்பதைப் பார்க்கலாம். பதினாறு மூங்கில் வளையங்கள் கொண்ட சட்டத்தின் மேல் ஓலையைப் பரப்பி, வளையம் வளையமாக ஊசியால் தைத்துக்கொண்டே வருவார்கள். தொப்பிக்கு உள்ளிருந்து, வெளிச்சத்தை நோக்கி எடுத்துப் பாருங்கள், தையல் முழுதும் தெரியும்.

பாட் சாங் மட்பாண்டக் கிராமத்துக்கு நகரப் பேருந்திலேயே போய்விடலாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். முன்வாசல் முழுக்கக் கடைகள். குயவர் சக்கரங்களை அடுக்கிய மாதிரி ஒரு பெரிய அருங்காட்சியகக் கட்டடமும் இருக்கிறது, எல்லோரும் அதன் முன்னால் நின்று எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சந்துகளுக்குள் போனால் நீல வண்ணம் தீட்டும் அறைகள் கிடைக்கும். சக்கரம் சுழல்வது தெரிய ஷட்டரை 1/30க்கு இறக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுங்கள்.

பூச்சந்தை பற்றி ஒரு வார்த்தை. குவாங் பா மலர்ச் சந்தை நடுராத்திரிக்கு மேல் தொடங்கி விடிவதற்குள் ஓய்ந்துவிடும், இரண்டு மூன்று மணிக்கு உச்சம். மோட்டார் சைக்கிள்கள் பின்னாலிருந்து பூ மூட்டையோடு வரும், வழியில் நின்று வ்யூபைண்டரில் கண்ணை ஒட்டாதீர்கள்.

செய்யக் கூடாதவை

ஹோ சி மின் நினைவு மண்டபத்துக்குள் படமெடுக்க அனுமதி கிடையாது. ராணுவ இடங்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி வாங்க வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு அந்த அலைச்சல் வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ரயில் வீடுகளை உரசிப்போகும் அந்தப் பிரபலமான குறுகிய தெருவை அதிகாரிகள் அவ்வப்போது தடுத்து மூடுகிறார்கள், தடுப்புப் போட்டிருந்தால் சுற்றிப் புகப் பார்க்காதீர்கள்.

ராத்திரி வேலை

அறைக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் போடுங்கள். கார்டை ஊர் திரும்பும்வரை அழிக்காதீர்கள். அன்றைக்கே ஒவ்வொரு இடத்துக்கும் நாலு வரி எழுதிவையுங்கள்: என்ன செய்தார்கள், எந்தக் கருவி, எத்தனை மணி, எந்தத் தெரு. எழுதச் சோம்பலாக இருந்தால் போனில் பேசிப் பதியுங்கள். ஒரு தொழிலுக்கு எட்டுப் பத்துப் படம் போதும், மூலப்பொருளிலிருந்து விற்பனை வரைக்கும் வரிசை விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று அடுக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு கட்டம் விடுபட்டிருந்தால் மறுநாள் காலை அதே இடத்துக்குப் போகலாம், இரண்டாம் நாள் போகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பே தனி.

படமெடுக்கச் சம்மதித்தவர்களுக்குப் படத்தைக் கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். அங்கே வாட்ஸ்அப்பைவிட ஸாலோதான் அதிகம், அந்தச் செயலியைப் போனில் போட்டுவைத்திருந்தால் அங்கேயே நின்று அனுப்பிவிடலாம். வயதானவர்களுக்கு அது சரிப்படாது, அவர்களுக்கு அச்சுப் படம்தான். பழைய நகரத்தில் படம் அச்சிடும் கடைகள் உண்டு, முந்தைய நாள் எடுத்ததை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள்.